சட்டாம்பிள்ளையும் பெல் துரையின் கருப்பு நோட்டும்

வகுப்பில் டீச்சர் இல்லை. லீடர் கரும்பலகை ஓரத்தில் "பேசியவர்கள்" என்று எழுதி, கீழே ஒவ்வொரு பேராக ஏற்றிக்கொண்டிருக்கிறான். மறுபடியும் பேசினால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எந்த அரசாணையும் இப்படிச் செய்யச் சொன்னதில்லை. ஆனாலும் இங்கே படித்த பெரும்பாலானோர் இதைப் பார்த்திருப்பீர்கள். இந்த லீடருக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு அத்தியாயம் நடந்தது எழும்பூரில். பம்மலில் இருந்து பல்லாவரம் போய் மின்சார ரயில் பிடித்தால் போய்விடலாம்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம். ஒரே வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கி, சின்னப் பசங்களுக்குப் பாடம் சொல்லவும் அவர்களைக் கட்டி மேய்க்கவும் விட்டார்கள். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார். அடுத்த வருஷம் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கையில் அந்த மாவட்டத்துத் தெலுங்கு, கன்னடப் பள்ளிகளின் தினசரி நடைமுறை விவரமாக இருக்கிறது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பேர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்குப் பூஜ்யம்: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். சோம்பேறிப் பையனை இரண்டு கையையும் கட்டிக் கூரையில் இருந்து தொங்கவிடுவதும் உண்டாம். தமிழ்ப் பக்கம் இதற்குக் "கோதண்டம்" என்று பேர். அதே கேம்ப்பெல், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை மெச்சி, இங்கிலாந்து இதைக் காப்பி அடித்தது நியாயம்தான் என்கிறார்.

காப்பி அடித்த ஆள் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். 1789-ல் எழும்பூரில், ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்கு அவர் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் செய்யச் சொன்னபோது அரிச்சுவடி வகுப்பு ஆசிரியர் ஒத்துவரவில்லை. உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். கொஞ்ச நாளில் பள்ளியே பசங்களால் பசங்களுக்கு நடக்க ஆரம்பித்தது.

ஒழுங்கு விஷயத்தில் பெல் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறும்பு, சோம்பல், சண்டை எல்லாம் ஒரு கருப்பு நோட்டில் பதிவாகும். வாரம் ஒருமுறை அதைப் பள்ளி முன்னால் படிப்பார்கள். தவறு செய்தவனை அவன் கூடப் படிக்கிற பசங்களே ஜூரியாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். நாளாக ஆகத் தண்டனைக்கான தேவையே குறைந்துபோனது என்பது பெல்லின் வாதம். தன் முறையைத் தானே மெச்சுகிற வாதம்தான். அந்தத் தள்ளுபடியோடு படிக்கணும்.

1796-ல் ஊர் திரும்பிய பெல், அடுத்த வருஷமே இதைப் புத்தகமாக்கினார். அங்கே "மெட்ராஸ் முறை" என்றே பேர் வந்தது. 1811-ல் தொடங்கிய நேஷனல் சொசைட்டியின் பள்ளிகள் இதைப் பின்பற்றின. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுப்போன பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் "மெட்ராஸ் காலேஜ்" என்றுதான் பேர்.

லண்டனில் இதே மாதிரி முறையை வளர்த்தவர் ஜோசப் லங்காஸ்டர். பிரம்படி வேண்டாம் என்றவர். அதற்குப் பதிலாக என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் மரக்கட்டை மாட்டினார். பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டார், மற்ற பசங்க பார்த்துச் சிரிக்க. பிரம்பு போனது, கோதண்டம் வேறு உருவத்தில் வந்தது. உடம்பு வலி கம்மி, அவமானம் ஜாஸ்தி.

நம்ம சட்டம் இந்த இரண்டையும் பார்த்திருக்கிறது. தமிழ்நாடு 2003-லேயே கல்வி விதிகளின் 51-வது விதியைத் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. முதல் பாதி ஓரளவு எல்லார் மண்டையிலும் ஏறிவிட்டது. இரண்டாவது பாதியில்தான் சிக்கல். பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிற்கவைப்பது, மார்க்கைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பது எல்லாம் "அடிக்கலையே" என்ற கணக்கில் தப்பிவிடுகிறது.

இந்த வெளிச்சத்தில் அந்தக் கரும்பலகைப் பட்டியலைப் பாருங்கள். பெல்லின் கருப்பு நோட்டிலும் பேர் ஏறியது, பள்ளி முன்னால் படிக்கவும் பட்டது. அதிலும் அவமானம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு விசாரணை என்று ஒன்று இருந்தது. பையன் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பு. லீடரின் பட்டியலில் அது கிடையாது. லீடருக்குப் பிடிக்காதவன் பேர் முதலில் ஏறும், நண்பன் பேர் அழிந்துவிடும். டீச்சர் வந்ததும் நேராகத் தீர்ப்பு. 60 பேரை ஒருத்தர் சமாளிக்கிற இடத்தில் லீடர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. திண்ணைப் பள்ளிக்கும் சரி, பெல்லுக்கும் சரி, ஆள் பற்றாக்குறைதான் மூத்த பையனைத் தேடவைத்தது. ஆனால் எழுதும் அதிகாரத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்தால், பதில் சொல்லும் உரிமையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தே ஆகணும். "ஏன்டா பேசின?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்தால் போதும்.