குபோலாவுக்கு இரண்டாவது மூச்சு

ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்கும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறித் தோட்டத்துக்கும் தண்ணீர் இறைக்கிற கோவை பம்பு நமக்குப் பழகிய சாமான். அதன் கனத்த இரும்பு உடம்பை உருக்கித் தந்த குபோலா உலை எங்கெங்கோ சுற்றித்தான் நம் பக்கம் வந்தது.

இரும்புத் தொழில் கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மூசை என்னும் மண்குடுவையில் எஃகு செய்தார்கள். ஆனால் மூசையில் கொள்வது கொஞ்சம். நிறைய வார்க்க நெட்டுக்குத்தான உலை வேண்டும். அது ஹான் மன்னர்கள் காலத்திலேயே சீனர்களிடம் இருந்தது. இங்கிலாந்தில் 1794இல் அவ்வகை உலையான குபோலாவுக்குக் காப்புரிமை பெற்றவர் ஜான் வில்கின்சன். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குச் சிலிண்டர் கடைந்து கொடுத்தவரும் இவரே. செத்தாலும் இரும்புப் பெட்டியில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லிவைத்த அளவுக்கு இரும்புப் பித்து!

கோவைக்கு 1888இல் பஞ்சாலை வந்தது. எந்திரத்தில் பல்சக்கரம் உடைந்தால் சீமையிலிருந்து கப்பல் வரும்வரை காத்திருக்க முடியுமா? உடைந்ததைப் பார்த்தே இன்னொன்றை வார்க்க உள்ளூர்க்காரர்கள் பழகினார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கிணற்றுக்கு மோட்டார் பம்பு. அதையும் பிரித்து, அளந்து, வார்த்தார்கள். நகலெடுத்தே தொழில் கற்ற ஊர் இது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குபோலாவிடம் ஒரு விரயம் இருந்தது. அடியில் ஒரே வரிசைத் துளைகள் வழியே காற்று ஊதுவார்கள். கோக் என்னும் சுட்ட நிலக்கரி எரிந்து உண்டாகும் கரியமில வாயு மேலே ஏறுகையில், சிவந்த கோக்கையே மறுபடி அரித்துக் கார்பன் மோனாக்சைடாக மாறும். வெப்பத்தையும் விழுங்கிக்கொண்டு புகைபோக்கி வழியே போய்விடும். 1970களில் பிரிட்டனின் வார்ப்பிரும்பு ஆராய்ச்சியாளர்கள் சுமார் மூன்றடி மேலே இன்னொரு வரிசைத் துளை வைத்துப் பார்த்தார்கள். தப்பிக்க இருந்த வாயு உலைக்குள்ளேயே எரிந்து, மேலிருந்து இறங்கும் இரும்பைக் காய்ச்சியது.

1996 டிசம்பரில், தாஜ்மகாலின் சலவைக்கல்லைக் காக்க, பவுண்டரி என்னும் வார்ப்பாலைகள் உள்ளிட்ட சுற்றுவட்டார ஆலைகள் நிலக்கரியும் கோக்கும் எரிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நாட்டின் மற்ற பவுண்டரிகளும் தங்கள் புகையைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1998இல் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் சுவிஸ் அரசின் உதவியோடு, கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவில், இரண்டு வரிசைத் துளை கொண்ட அந்த இரட்டைக் காற்றுக் குபோலாவை ஓட்டிக் காட்டியது. நியூயார்க் தெருக்களுக்குச் சாக்கடை மூடி வார்க்கும் அதே ஹவுராதான். 100 கிலோ இரும்புக்கு 13 கிலோவுக்கு மேல் தின்ற கோக், 8 கிலோ அளவுக்கு இறங்கியது. பிறகு ராஜ்கோட், கோவை என மற்ற ஊர்களுக்கும் அந்த உலை போனது.

இன்று கோவையில் பலர் மின் உலைக்கு மாறிவிட்டார்கள். எந்த உலையானாலும், அதில் மிச்சம் பிடித்ததை மண்ணில் கோட்டைவிடக் கூடாது. மோல்டிங் மண்ணில் ஈரம் கூடினால் வார்ப்புக்குள் காற்றுக்குமிழி விழும். கடைசலில் அது வெளிப்பட்டால் அந்த பம்பு உடம்பு மறுபடி உலைக்கே போகும், மறுபடி எரிபொருள். அதனால்தான் தேர்ந்த மோல்டர் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கி, இரண்டாக ஒடித்து, முறிந்த விளிம்பு உதிராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வார்ப்புப் பெட்டியை நிரப்புகிறார்.