வறுமைக் கோடும் ஒரு பழைய மூன்றும்

1964 ஜனவரி 8 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராகப் போர் அறிவித்தார். அதே ஆண்டு உணவு முத்திரைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு மெடிக்கேரும் மெடிக்கெய்டும். சரி, போர் என்று சொல்லியாச்சு. ஏழை யார், எத்தனை பேர்?

சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஒர்ஷான்ஸ்கி இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். வேளாண் துறையின் உணவுத் திட்டங்களில் ஆக மலிவானதை எடுத்துக்கொண்டார். கையில் காசில்லாத நாட்களில் தற்காலிகமாகச் சமாளிப்பதற்கான திட்டம் அது. 1955-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, குடும்பங்கள் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. ஆக, சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கு. அவ்வளவுதான் வறுமைக் கோடு. நான்கு பேர் குடும்பத்துக்கு 1963-ல் ஆண்டுக்குச் சுமார் 3,100 டாலர்.

1969-ல் அது அதிகாரபூர்வ அளவுகோல் ஆனது. அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவதோடு சரி. எங்கள் தொழிலில் இதை ஹார்ட்கோட் பண்ணுவது என்போம். அந்த மூன்று இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் பெரிய சிக்கல் கோட்டில் இல்லை, கோட்டோடு ஒப்பிடும் வருமானத்தில். வரிக்கு முந்தைய ரொக்க வருமானம் மட்டுமே கணக்கில் சேரும். உணவு முத்திரை சேராது, வீட்டு வாடகை உதவி சேராது, 1975-ல் வந்த உழைப்போருக்கான வரிச்சலுகையும் சேராது. அதாவது அரசு புதிதாகக் கொடுத்தவற்றில் பெரும்பகுதி இந்தக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

1964-ல் 19 சதவீதமாக இருந்த வறுமை விகிதம் 1973-ல் 11.1-க்கு இறங்கியது. பிறகு பெரும்பாலும் 11-க்கும் 15-க்கும் நடுவிலேயே ஊசலாடியது. 1988-ல் அதிபர் ரீகன், அரசு போர் தொடுத்தது, வறுமைதான் ஜெயித்தது என்று பேசினார். எண்களைப் பார்த்தால் அவர் சொன்னது சரி மாதிரியே இருக்கும்.

2011-ல் இந்த உதவிகளையும் சேர்த்து, வரி, மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கழித்து, துணை அளவுகோல் ஒன்றை வெளியிட ஆரம்பித்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது 2021-ல். கொரோனா நிவாரணத்தோடு, குழந்தைகளுக்கான வரிச்சலுகையை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர் வரை உயர்த்தினார்கள். வரி கட்டுமளவு வருமானம் இல்லாத குடும்பத்துக்கும் முழுத்தொகை உண்டு. துணை அளவுகோலில் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு விழுந்தது. காங்கிரஸ் அதை நீட்டிக்கவில்லை. 2022-ல் அதே விகிதம் 12.4.

பழைய அளவுகோல் என்ன சொன்னது? 2021-ல் 15.3, 2022-ல் 15.0. லட்சக்கணக்கான பிள்ளைகள் வறுமையிலிருந்து மேலே வந்து மறுபடி கீழே போன அந்த இரண்டு வருடங்களில், அதன்படி எதுவுமே நடக்கவில்லை.