பெட்ரோல் கணக்கும் பெரிய வண்டிகளும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பழைய ராஜபாட்டை, வாலாஜாபேட்டையைக் கடந்த பிறகு பாலாற்றைத் துணையாகக் கொண்டு, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் பிரதேசத்தின் ஊர்களைத் தொட்டுக்கொண்டே மேற்கு நோக்கிச் செல்கிறது. தேசிய நெடுஞ்சாலையாக அகன்றுவிட்ட அந்தப் பாதையில், விடுமுறை நாட்களின் காலை வேளைகளில் இரு மாநகரங்களிலிருந்தும் புறப்பட்டு வரும், தரையோடு ஒட்டிய உடலும் தெருவையே திரும்பிப் பார்க்கவைக்கும் சப்தமும் கொண்ட வேகக் கார்கள் ஆம்பூரில் பிரியாணிக்காகவோ பெட்ரோலுக்காகவோ நிற்கும்போது, சுற்றிக் கூடுகிற ஜனங்கள் வண்டியின் விலையை விசாரிப்பதற்கு முன்பாகவே, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டுவிடுவார்கள். கோடி ரூபாய் வண்டியின் சொந்தக்காரர் அதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இந்தப் பழைய வட ஆற்காடு ஜில்லாவில் மோட்டார் வண்டியின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சரித்திரம் ஆடம்பரத்தில் ஆரம்பிக்கவில்லை, வைத்தியத்தில் ஆரம்பித்தது. ராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு பிறந்து, வேலூரில் வைத்தியசாலை நடத்திய ஐடா ஸ்கடர் அம்மையார், ஆஸ்பத்திரிக்கு வர இயலாத கிராமத்து நோயாளிகளைத் தேடிச் சாலையோர மரத்தடிகளில் சிகிச்சை செய்யும் வழக்கத்தை மாட்டு வண்டியில் தொடங்கி, 1909இல் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட பிரெஞ்சு நாட்டுப் பெஷோ கார் ஒன்றில் தொடர்ந்தார். குடியாத்தம் பாதையில் அந்த வண்டி புகையைக் கக்கிக்கொண்டு முதன்முதலில் போனபோது, பிசாசு வருகிறதென்று ஜனங்கள் ஓடி ஒளிந்ததாகச் சொல்வார்கள். பிறகு அதே ஜனங்கள் மரத்தடியில் அதன் வரவுக்காகக் காத்திருந்தார்கள். பெட்ரோல் பங்க் என்ற ஒன்று கிடையாத அந்தக் காலத்தில் எரிபொருள் தகர டின்களில் அடைத்து விற்கப்பட்டது. புறப்படுகிறவர், எத்தனை மைல் போக வேண்டும், எத்தனை டின் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே புறப்பட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் பாலாற்றங்கரையில் ஒரு பெரிய வர்த்தகம் வளர்ந்திருந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் சேர்த்துப் பதனிட்ட தோல், மதராஸ் துறைமுகம் வழியாக லண்டன் ஏல மண்டபங்களுக்குச் சென்று, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் உலகமெங்கும் நற்பெயர் பெற்றது. மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள் இதில் சம்பாதித்த பொருளின் ஒரு பகுதியைக் கல்விக்குத் தர்மமாகக் கொடுத்தன. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி அதற்கு ஒரு சாட்சி. தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலை ஊரில், கிடங்கும் கமிஷன் மண்டியும் மதராஸ் பெரியமேட்டில் என்று அமைந்திருந்த இந்த வியாபாரத்தில், ஆம்பூருக்கும் பெரியமேட்டுக்கும் நடுவே கிடந்த 190 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ரயில் இருந்தபோதிலும், விலை ஏறும் நேரத்தில் நினைத்த மாத்திரத்தில் புறப்படுவதற்குச் சொந்த மோட்டார் எத்தனை அனுகூலம் என்பதை எந்த வியாபாரியும் எளிதில் கண்டுகொண்டிருப்பார்.

அன்று கிடைத்த கார்களில் அமெரிக்க வண்டிகளே இப்பக்கத்துச் சாலைகளுக்குப் பொருத்தமானவை. போர்டு கம்பெனி 1926இல் இந்தியாவுக்கு வந்து மதராஸிலும் பாகங்களை இணைத்து வண்டி செய்யத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் அதையே செய்தது. உயரமான அடிப்பாகமும், கனத்த வில் பட்டைகளும், அவசரப்படாமல் இழுக்கும் பெரிய இஞ்சினும் கொண்ட அவ்வண்டிகள், மண்ணும் கப்பியுமான பாதையில் முனகாமல் ஓடின. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் கொடுக்காது என்பதுதான் அவற்றின் ஒரே குறை. வேடிக்கை என்னவென்றால், தோலுக்குப் பேர்போன இந்த ஊர்களில் ஓடிய உயர்ந்த ரகக் கார்களின் ஆசனத்தோல் இந்த ஊர்களுடையதாக இருப்பது அபூர்வம். அகன்ற ஆசனங்களுக்கு முள் கீறலும் சூட்டுத் தழும்பும் இல்லாத பெரிய மாட்டுத்தோல் வேண்டும். அது வட ஐரோப்பாவின் குளிர்ந்த மேய்ச்சல் நிலங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தது. நம்முடைய சிறிய தோல்கள் பூட்ஸுக்கும் உள்வரிக்கும் புத்தக அட்டைக்கும் போயின.

யுத்தம் வந்து இந்தச் சௌகரியத்தைக் கலைத்தது. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் ஏற்பட்டது. மறு வருஷம் ரங்கூன் வீழ்ந்து, சிரியம் சுத்திகரிப்பு ஆலை அழிக்கப்பட்டதும், பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. கூப்பனுக்குக் கிடைத்த சில காலன்களை வைத்துக்கொண்டு மாதத்தை ஓட்ட முடியாதவர்கள் காரைச் செங்கல் மேல் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி வைத்தார்கள். பஸ் முதலாளிகளுக்கு அது சாத்தியமில்லை. ஆகவே கரியைப் பிடித்தார்கள். மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் செய்து விற்ற 'காஸ் பிளாண்ட்' எனும் கரிவாயு இயந்திரம் தமிழ்நாட்டுச் சாலைகளை ஸ்தம்பித்துப் போகாமல் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. வண்டியின் பின்புறத்தில் உயர்ந்த உருளை அடுப்பொன்றை மாட்டி, அதில் கரியை நிரப்பி நெருப்பிட்டு, முழுதும் எரிந்துவிடாதபடி காற்றை அளவாகச் செலுத்தினால், கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயு உண்டாகும். அதை வடிகட்டிக் குளிரச் செய்து இஞ்சினுக்குள் விட வேண்டும். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே ஒருவன் விசிறிக் கைப்பிடியைச் சுற்றிக் கனலை எழுப்ப வேண்டும், சாம்பலைத் தட்ட வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு இஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விடும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. வாணியம்பாடியைத் தாண்டிக் கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பீடபூமி மீது ஏறத் தொடங்கும்போதுதான், ஜனங்களை இறக்கித் தள்ளச் சொல்லும் நிலைமை வந்துவிடும்.

யுத்தத்திற்குப் பிறகு அமெரிக்கக் கார்களின் கடைசி அலை ஒன்று வந்தது. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெறுமனே பாகங்களை இணைத்து விற்கக் கூடாதென்று சர்க்கார் 1953இல் தீர்மானித்ததும், போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டன. அதன்பின் அம்பாஸிடர், பியட், மதராஸிலேயே 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுக்குள் ஜனங்கள் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. முன்பே வந்துவிட்ட பிளிமத், டாட்ஜ், செவர்லே வண்டிகளோ, மாற்று வண்டி கிடைக்காததாலேயே மதிப்புக் கூடி, உதிரிப் பாகம் கிடைக்காததாலேயே செலவும் கூடி, வீட்டு முன்னால் நிற்கும் யானைகளாகிவிட்டன.

1973 நவம்பரில் பெட்ரோல் விலை ஒரேயடியாக உயர்ந்தது. பேரல் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களுக்குள் 11 டாலரைத் தாண்டியது. அதைக் கண்டித்து எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாய் மாட்டு வண்டியில் ஏறிப் பாராளுமன்றத்துக்குச் சென்றது அந்த நவம்பரில்தான். வட ஆற்காட்டுத் தோல் வியாபாரிகளுக்கு அந்த விலையேற்றம் இரட்டை இடியாக வந்தது. ஏனெனில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குச் சர்க்கார் கட்டுப்பாடு விதித்து, முழுதும் பதனிட்டுச் செருப்பாகவும் பையாகவும் செய்து அனுப்பும்படி நிர்ப்பந்தித்ததும் அதே ஆண்டுகளில்தான். தலைமுறைகளாக நடந்த தொழிலுக்குப் புது யந்திரங்கள் வாங்க வேண்டிய தருணத்தில், வேலூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப 45 லிட்டருக்கு மேல் குடிக்கும் வண்டிக்கு எந்தக் கணக்கப்பிள்ளை சம்மதிப்பார்?

இங்கேதான் இக்கதையின் சுவாரஸ்யமான பகுதி வருகிறது. அந்தப் பெரிய வண்டிகளை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவது மிகச் சுலபமாக இருந்திருக்கும். பல அப்படிப் போகவும் போயின. ஆனால் தோல் ஷாப்பில் ஒன்றையும் வீணாக்காத பழக்கம் இந்தப் பிரதேசத்து ரத்தத்தில் ஊறியது. சுரண்டி எடுத்த ஜவ்வு வச்சிரப் பசைக்குப் போகும், மயிர் கம்பளிக்குப் போகும், துண்டுத்தோலுக்கும் ஒரு வியாபாரி இருப்பான். அதே புத்தியை மோட்டார்ப் பட்டறைகள் காருக்கும் பிரயோகித்தன. பெட்ரோலைவிட டீசல் மிகவும் மலிவாக விற்றது; சென்னை சிம்ஸன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இஞ்சின்களை ஐம்பதுகளிலிருந்தே செய்துகொண்டிருந்தது. ஆகவே, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நான்கு சிலிண்டர் பெர்கின்ஸை உள்ளே இறக்கினார்கள். சொல்வதற்கு ஒரு வாக்கியமாக இருந்தாலும் செய்வதற்கு அது பெரிய வித்தை. இஞ்சின் தாங்கிகளைப் புதிதாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். கிளட்ச் கூட்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே லேத்தில் கடைந்த தகடு ஒன்றைப் பொருத்த வேண்டும். கனம் கூடிய முன்பக்கத்துக்கு வில் பட்டை சேர்க்க வேண்டும். டீசலின் அதிர்ச்சியில் கண்ணாடி நடுங்காமலிருக்க ரப்பர் வைக்க வேண்டும். பின்னாளில் டெம்போ மாட்டடோர் வேனின் இஞ்சினை அம்பாஸிடருக்கு மாட்டுவது தமிழ்நாடெங்கும் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. "மாட்டடோர் இஞ்சின் போட்ட வண்டி" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார்.

பழைய கார் அபிமானிகள் இதைப் பெரும் அபசாரம் என்பார்கள். அமெரிக்க இஞ்சினின் மெல்லிய இழைப்பொலி போய், லாரியின் கடகடப்பு வந்துவிட்டதை நானும் ரசிக்கவில்லை. ஆயினும், எண்பதுகள் வரை அந்த வண்டிகள் கல்யாண ஊர்வலத்திலும் தேர்தல் பிரசாரத்திலும் ஓடிப் பிழைத்திருந்து, அதன் பயனாக இன்று ஒருவர் கையில் பழுதுபார்க்கக் கிடைக்கின்றன என்றால், அதற்கு அந்தப் பட்டறைக்காரரின் கிரீஸ் படிந்த கையே காரணம். எரிபொருள் விலை காரைக் கொன்றது என்பதைவிட, அதன் ஹிருதயத்தை மாற்றி உடலைக் காப்பாற்றியது என்பதே இப்பகுதியின் அனுபவத்துக்கு நெருக்கமானது.

புதிதாகச் சக்தியும் அந்தஸ்தும் உள்ள காரைச் செய்து விற்கும் முயற்சி ஒன்றும் இதே கேள்வியில் தடுக்கி விழுந்தது. பெருங்களத்தூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், பிரிட்டனின் ரோவர் காரின் அழகிய உடலை வாங்கி, அதனுள் பழைய வான்கார்டு காரின் வழியில் வந்த இரண்டு லிட்டர் இஞ்சினைப் பொருத்தி 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று வெளியிட்டது. ஐந்து கதவும் மின்சாரக் கண்ணாடியும் கண்டு மயங்கியவர்கள், கனத்த உடலை இழுக்கத் திணறிய இஞ்சின் பெட்ரோலைக் குடித்த வேகத்தைக் கண்டு பின்வாங்கினார்கள். 1983 டிசம்பரில் வந்திருந்த மாருதி 800, அதே பெட்ரோலுக்கு இரண்டு மடங்கு தூரம் போய்க்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஸ்டாண்டர்டு 2000 நின்றது, கம்பெனியும் எழுந்திருக்கவில்லை.

அதன் பின்னர் நடந்தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2010இல் பெட்ரோல் விலையும் 2014இல் டீசல் விலையும் சர்க்கார் நிர்ணயத்திலிருந்து விடுபட்டன. 2017இல் விலையைத் தினந்தோறும் மாற்றும் முறை வந்தது. 2021இல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு தன் வரியில் மூன்று ரூபாயைக் குறைத்தது. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இருந்த பழைய வித்தியாசம் சுருங்கிவிட்டதால், இஞ்சினை மாற்றுவதில் இனி லாபமுமில்லை. இப்போது புதிதாக வந்திருக்கும் கவலை எத்தனால். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டரின் ரப்பரையும் கார்க்கையும் அரிக்கிறது, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது, மைலேஜையும் சற்றே குறைக்கிறது. ஆகையால் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கியைக் காலி செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் ஒரு முரண் உண்டு: இன்றைய வேகக் கார் உயர்ந்த ஆக்டேன் இல்லாமல் முரண்டு பிடிக்கும், அறுபது எழுபது வருஷத்துக் கிழட்டுக் காரின் இஞ்சினோ குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதால், சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே அதற்கு ஏராளம்.

ஹிருதய மாற்று சிகிச்சையின் கடன் இப்போதுதான் வசூலாகிறது. ஐம்பது வயதைக் கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்து, 'விஏ' எழுத்துடன் பலகை கொடுக்கும் விதியை மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அந்த வண்டி அதன் அசல் ரூபத்தில் இருக்க வேண்டும், அடிச்சட்டமோ உடலோ இஞ்சினோ மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே, பெர்கின்ஸ் போட்டதால் பிழைத்த பிளிமத், பெர்கின்ஸ் போட்டதாலேயே அந்தப் பதிவுக்கு அருகதையற்றதாகிறது. தகுதி பெற விரும்புகிறவர் எங்கோ ஒரு கிடங்கில் துருவேறிக் கிடக்கும் அசல் பெட்ரோல் இஞ்சினைத் தேடிப் பிடித்து, அன்று சங்கிலி போட்டுத் தூக்கியதை இன்று சங்கிலி போட்டு இறக்குகிறார். அப்படித் தேறிய வண்டியையும் அன்றாடப் பிரயாணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும், ஆராய்ச்சிக்கும், பந்தய ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போட்டுக்கொள்ளவும், பழுது பார்க்கவும் மட்டுமே சாலைக்கு வரலாம். தூரத்து ஊர்வலங்களுக்குப் போகும்போதும், வழியில் ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று அஞ்சும் சொந்தக்காரர்கள் அதைத் தட்டை லாரியில் ஏற்றிக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த லாரி டீசலில் ஓடுகிறது.