தண்டுவடக் காயமும் உடல் எடையும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

முதுகுத் தண்டுவடத்தில் காயமடைந்தவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு, அவரது உடல் எடையைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு குடும்பத்தாரையே சேர்கிறது. சமைப்பவரும் பரிமாறுபவரும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுபவரும் பெரும்பாலும் மனைவி, தாய் அல்லது உடன்பிறந்தவரே. எடை கூடினால் காயமடைந்தவரின் உடல்நலத்துடன், அவரைத் தூக்கி அமர்த்துபவரின் முதுகும் தோளும் பாதிக்கப்படுகின்றன.

உலகெங்கும் 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. கீழே விழுதல், சாலை விபத்து, வன்முறை ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள்.

எடை ஏன் கூடுகிறது?

காயத்திற்குக் கீழுள்ள தசைகள் இயக்கமின்றி மெலிகின்றன. தசை குறையும்போது, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. உணவின் அளவு மட்டும் பழையபடியே இருந்தால் மிகுதி கொழுப்பாகச் சேர்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள, அதிக உடலுழைப்பு இல்லாத ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கிலோ கலோரி தேவை. தண்டுவடக் காயமடைந்தோருக்கு, இரு கால்கள் செயலிழந்திருந்தால் கிலோ ஒன்றுக்கு 27.9, கை கால் நான்கும் செயலிழந்திருந்தால் 22.7 கிலோ கலோரி என்ற அளவை உணவியல் நிபுணர்கள் தொடக்கக் கணக்காகக் கொள்கின்றனர். அதன்படி அதே 65 கிலோ எடைக்கு முறையே சுமார் 1,810, 1,475 கிலோ கலோரி போதுமானது. முதலாவதில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ மூன்று சப்பாத்திகளுக்குச் சமம்.

காயத்தை அடுத்த முதல் சில வாரங்களில் எடை குறைவதே வழக்கம். அப்போதும், படுக்கைப் புண் இருக்கும்போதும் உடலுக்குப் புரதம் அதிகம் தேவைப்படுவதால், மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கக் கூடாது.

அளவிடுவது எப்படி?

நிற்க இயலாதவரைச் சக்கர நாற்காலியுடன் எடைமேடையில் நிறுத்தி, நாற்காலியின் எடையைக் கழிக்கலாம். மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து குறித்து வைப்பது பயனளிக்கும். தசை குறைந்திருப்பதால், பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியீடு கொழுப்பைக் குறைத்தே காட்டும். எனவே, தண்டுவடக் காயமடைந்தோருக்கு 22-ஐ எட்டினாலே உடற்பருமனாகக் கருத வேண்டும் என அமெரிக்காவில் 2018-இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது.

ஒரே வீட்டில் ஒரே உணவு

முடங்கிக் கிடப்பவருக்கு விருப்பமானதையாவது கொடுப்போம் என்ற பரிவில் நெய்யும் இனிப்பும் கூடுவது இயல்பு. அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால், அது தண்டனையாகத் தோன்றக்கூடும். வீட்டார் அனைவரின் தட்டையும் மாற்றுவதே நீடிக்கும் வழி. மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். அரிசி, கோதுமையைக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், காய்கறிகளைக் கூட்டலாம்.

நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டினால் மலம் கழிக்கும் ஒழுங்கு குலையலாம். படிப்படியாகவே கூட்ட வேண்டும். நீர் அருந்தும் அளவை, சிறுநீர் வெளியேற்றும் முறைக்கு ஏற்ப மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். என்ன உண்பது என்பதில் இறுதி விருப்பம் காயமடைந்தவருடையதே. மறைத்து வைப்பதும் அதட்டுவதும் பலன் தருவதில்லை.

உடற்பயிற்சி

இதய, வளர்சிதை மாற்ற நலனுக்காக வாரம் மூன்று முறை தலா 30 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான பயிற்சியைச் சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. சக்கர நாற்காலியைத் தாமே உந்திச் செல்வதும் பயிற்சியே. எனவே, அவரால் இயன்றதைக் குடும்பத்தார் முந்திக்கொண்டு செய்யாதிருப்பதும் உதவியே. மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், காயத்திற்கு மேற்பகுதியில் வியர்த்தல் ஏற்பட்டால், அது ஆபத்தான இரத்த அழுத்த உயர்வாக இருக்கலாம். உடனே நிமிர்த்தி அமர்த்தி, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயில் அடைப்பு உள்ளதா எனப் பார்த்து, மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பராமரிப்பவரின் நலன்

எடை கூடும்போது இடமாற்றம் கடினமாகிறது. தோல் உராய்ந்து படுக்கைப் புண் உண்டாகும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. சறுக்குப் பலகையைப் பயன்படுத்தும் முறையை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே இயன்முறை சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்வது நல்லது. புதுதில்லி வசந்த் குஞ்சில் உள்ள இந்திய முதுகுத் தண்டுவடக் காய மையம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் போன்றவை இத்துறையில் நீண்ட அனுபவம் கொண்டவை.

ஊதியமின்றிப் பராமரிக்கும் குடும்பத்தாரையும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பராமரிப்பாளர் என்றே வரையறுக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கும் திட்டங்களை அரசுகள் வகுக்கவும் அச்சட்டத்தின் 24-ஆவது பிரிவு வழிவகை செய்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தங்கள் மாநிலத்தில் உள்ள திட்டங்கள் குறித்துக் குடும்பத்தார் விசாரிக்கலாம்.