வெடிச்சத்தம் யாருடையது?: 'அருளர்' இசைத்தொகுப்பை முன்வைத்து

சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்கு வெடிச்சத்தம் கொண்டாட்டத்தின் குறியீடு அல்ல. மத்தியானத்தில் 'டமார்'னு ஒரு சத்தம் வந்தா, அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்தத் திசை, எந்தப் பயராபீஸ், நம்ம வீட்டாள் அங்கே இருக்கா என்பதுதான் கேள்வி. இந்தக் காதோடுதான் நான் எம்.ஐ.ஏ.வின் 'அருளர்' (2005) தொகுப்பைக் கேட்டேன்.

மாதங்கி மாயா அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், 1986இல் அகதியாக லண்டன் திரும்பியவர். படித்தது சினிமா, இசையல்ல. இலாஸ்டிகா என்ற ராக் குழுவின் இரண்டாவது தொகுப்புக்கு (2000) அட்டைப்படம் செய்தார். அவர்களுடைய பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில் பாடகி பீச்சஸ், ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளப்பெட்டியை அறிமுகப்படுத்தினார். 'அருளர்' அந்த ஒற்றைப் பெட்டியிலிருந்து தொடங்கியது. கிடார் வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம், குழு வேண்டாம். தகரத்தைத் தட்டுவதுபோன்ற அந்த மெலிந்த ஒலியைச் சிலர் போதாமை என்றார்கள். முதல் இல்லாதவள் தன் கைக்கு எட்டிய கருவியில் பேசிய பேச்சு அது என்றே நான் வாசிக்கிறேன்.

தொகுப்பின் பெயர் அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர் அவர், 2019இல் மறைந்தார். மகளின் மேடைப்பெயரோ போரில் காணாமற்போனவர்களைக் குறிக்கும் இராணுவச் சுருக்கெழுத்து. வீட்டில் இல்லாத ஒரு அப்பாவைக் கூப்பிடும் பெயர்தான் அரசியல் முழக்கமாகவும் கேட்கிறது.

மேற்கத்திய விமர்சகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சிக்கு இது மூன்றாம் உலகின் குரல். மற்றதுக்குப் பயங்கரவாதத்தை ஃபேஷனாக்கும் வேலை. 'சன்ஷவர்ஸ்' பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கம் பற்றி வரும் குறிப்புக்காக எம்.டி.வி. அதன் படத்தை ஒளிபரப்ப மறுத்தது.

நமக்கும் ஒரு விமர்சனம் இருக்கிறது. அது வேறு. அட்டையில் வண்ண வண்ணமாக அடுக்கப்பட்ட டாங்கிகளையும் குண்டுகளையும் பார்த்ததும் எனக்கு எங்க ஊர் பட்டாசு லேபிள் ஞாபகம் வந்தது. 'ஆட்டம் பாம்' என்று பெயர் போட்டு, பளபளக்கும் காகிதத்தில் சுற்றி, குழந்தைகள் கையில் கொடுக்கிறோமே, அதே தர்க்கம். குண்டு படமாகும்போது சரக்காகிறது. மருந்து இடித்த கை மறைந்துபோகிறது. அவருடைய ஸ்டென்சில் ஓவியங்களில் வரும் புலியும் அப்படித்தான் வரலாற்றைச் சுருக்குகிறது. ஈரோஸ் தனி இயக்கம், தனி அரசியல். 1990இல்தான் அதில் பெரும்பகுதி புலிகளோடு கரைந்தது. ஈழப் போராட்டத்துக்குள் இருந்த பல குரல்களை ஒரே விலங்கு விழுங்கிவிடுகிறது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் படத்தை மட்டும் பார்த்தவர்களாவோம். 2007இல் வந்த அவருடைய அடுத்த தொகுப்பான 'கலா'வில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் நடுவே துப்பாக்கிச் சத்தம் வருகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தச் சத்தத்தை மாற்றித்தான் ஒலிபரப்பியது. சொல்லைப் பொறுத்துக்கொள்பவர்களால் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை. வெடிச்சத்தம் யார் காதில் விழ வேண்டும், யார் காதில் விழக்கூடாது என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடித்தது. குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்ல; முதல் தீயைப் பார்த்து உதவ ஓடியவர்கள். அந்த வருசமும் தீபாவளி வந்தது, நாடு முழுக்க வெடித்தது. யாரும் சத்தத்தை மாற்றவில்லை.

யாழ்ப்பாணத்துச் சத்தத்தை லண்டன் நடனக் கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தாள் ஒருத்தி. அதில் குறை உண்டு, வியாபாரமும் உண்டு. எங்க ஊர்ச் சத்தத்தை எந்தப் பெட்டியில், யார் அடிக்கப்போகிறார்கள்?