இராமாநுசர் வரலாறும் மைசூர்ச் சாசனங்களும்

ஸ்ரீ இராமாநுசருடைய வாழ்க்கையை இக்காலச் சரித்திர முறையில் எழுதப் புகுவோர், மைசூர் நாட்டுக்கு வந்ததும் சற்றே திகைத்து நிற்பர். சோழனால் இடர் நேரவே ஆசாரியர் போசள நாட்டிற்கு எழுந்தருளினார். தொண்டனூரில் சமணனாயிருந்த பிட்டிதேவனைத் திருத்தி விஷ்ணுவர்த்தனன் எனப் பெயரிட்டார். மேல்கோட்டையில் திருநாராயணனைப் பிரதிட்டை செய்தார் என்பது மரபு. வாதில் தோற்ற சமணர் செக்கிலிடப்பட்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

பிரதிட்டைக்கு மரபு குறிக்கும் ஆண்டு வெகுதானிய, அதாவது கி.பி. 1098–99. பிட்டிதேவன் அரசெய்தியதோ 1108 அளவிலேதான். அக்காலத்தில் அவன் இளவரசனாயிருந்திருக்கலாம். அன்றேல் ஆண்டுக் கணக்குப் பிழையாகலாம்.

செக்குக் கதையின் நிலை வேறு. 1885இல் தோன்றிய மைசூர்த் தொல்பொருள் துறையின் தலைவர் லூயிஸ் ரைஸ், ஏறத்தாழ 9,000 சாசனங்களைத் திரட்டி வெளியிட்டார். அவற்றைப் புரட்டினால் காண்பது என்ன? 1116இல் சோழரிடமிருந்து தலக்காட்டைக் கைப்பற்றிய விஷ்ணுவர்த்தனன், 1117இல் பேலூரில் விசயநாராயணனுக்குக் கோயில் எடுத்தான். அவனுடைய திருமால் பத்தியில் ஐயமில்லை. ஆயினும் பட்டத்தரசி சாந்தலை சமணத்திலேயே நின்றாள். 1123இல் சிரவணபெளகொளாவில் பஸதி ஒன்றும் எடுப்பித்தாள். தளபதி கங்கராசனும் சமணனே. அவன் மகன் போப்பன் 1133இல் தலைநகராகிய துவாரசமுத்திரத்தில் பார்சுவநாதருக்குப் பஸதி அமைத்து, பிரசாதத்தை மன்னனுக்கு அனுப்பினான். போரில் வெற்றியும் புதல்வனும் ஒருங்கே பெற்றிருந்த மன்னன் அதனை மனமுவந்து ஏற்றான். அத்தேவனுக்கு விசய பார்சுவர் என்றும், மகனுக்கு விசய நரசிம்மன் என்றும் பெயர் சூட்டினான்.

சமணரைச் செக்கிலிட்டவன் இவ்வாறு செய்வானோ? அக்கதையை ஆசாரியருக்குப் பெருமையெனக் கருதிச் சொல்லி வந்தோர், உண்மையில் அவர்மீது பழியையே சுமத்தினர் என்பது என் கருத்து.

அதனால் மரபு முழுவதையும் தள்ளிவிடலாமோ எனின், அதுவும் எளிதன்று. மேல்கோட்டை உற்சவ மூர்த்தியாகிய செல்வப்பிள்ளையைத் தில்லிப் பாதுஷாவிடமிருந்து ஆசாரியர் மீட்டு வந்தார் என்பர். தில்லியில் சுல்தான் ஆட்சி ஏற்பட்டதே 1206இல். மரபின்படி ஆசாரியர் திருநாடு எய்தியதோ 1137இல். கதை காலத்தோடு பொருந்தாது. எனினும், அந்த வழிப்பயணத்தில் துணைநின்றவர்கள் என்றுதான் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்னும் பெயரும், திருவிழா நாட்களில் கோயிலினுள் செல்லும் உரிமையும் மேல்கோட்டையில் வழங்கின. சரித்திரக்காரர் தில்லிப் பயணத்தை ஒதுக்கலாம். ஆனால் அந்த உரிமை எவ்வாறு வந்தது என்பதற்கு அவர் விடை கூறியே ஆகவேண்டும்.