ரியோவுக்குக் கிளம்பியவர், ஆலங்குடியில் சண்டை போடுகிறார்

எமோஜிப் பட்டியலை வைத்திருக்கும் யூனிகோட், 2016 ஜூன் 21 அன்று தன் 9.0 பதிப்பை வெளியிட்டது. ரியோ ஒலிம்பிக்குக்கு ஒன்றரை மாதம்தான் பாக்கி. புதிதாகச் சேர்ந்த 72 எமோஜிகளில் மல்யுத்தம், ஹேண்ட்பால், வாட்டர் போலோ, மூன்று பதக்கங்கள் என்று விளையாட்டுக் கூட்டமே இருந்தது. அதில் ஒருவர், வெள்ளை உடையும் வலை முகமூடியும் அணிந்த வாள்வீச்சுக்காரர். அதே கூட்டத்தில் வரவேண்டிய ரைஃபிள் எமோஜி, ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் எதிர்த்ததால் வெளியே நின்றுவிட்டது. வாள் தப்பியது.

போனில் அவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்கால் மடங்கியிருக்கும், பின்கால் நீண்டிருக்கும், வாள்முனை எதிராளியைத் தேடும். மனித எமோஜிகள் பெரும்பாலானவற்றை அழுத்திப் பிடித்தால் ஐந்து தோல்நிறங்கள் விரியும். இவரிடம் ஒன்றும் விரியாது. உச்சி முதல் பாதம் வரை மூடிக்கொண்டு நிற்பவருக்கு எங்கே நிறம் பூசுவது? ஆண், பெண் பிரிவும் கிடையாது. இவர் பிழைத்துக்கொண்டதே அதனால்தான் என்பேன். அந்த உடைக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம்.

புகுந்தார்கள். டிக்டாக் உலகம் இவரை விளையாட்டிலிருந்து பிடுங்கி, ஆளை விரட்டும் வேலைக்கு வைத்தது. கிட்ட வராதே, தூரப் போ என்பதற்கு இவரை மூன்று நான்கு முறை வரிசையாகத் தட்டினால் போதும். இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக் தடையானது. ஆனாலும் இன்ஸ்டாகிராம் வழியாக அந்தப் பொருள் வந்து சேர்ந்துவிட்டது. வசனம் நம்மிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது: கிளம்பு, காத்து வரட்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் இவருக்கு ஓய்வே இல்லை. ஆலங்குடியில் ஒருவன், "மாப்ள, ஒரு ஐநூறு ஜிபே பண்ணுடா" என்று கேட்டால், பதிலுக்கு எழுத்தே இல்லாமல் இவர் மட்டும் வருவார். குடும்பக் குழுவில் சித்தப்பாவும் மாமாவும் கட்சி பேசி முட்டிக்கொள்ளும்போது, இரண்டு வாள்வீரர்களை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாமென்று யாருக்காவது ஆசை வரும். முடியாது. இந்த எமோஜியைத் திருப்பி வைக்க வழியில்லை. இருவரும் ஒரே பக்கம் பார்க்க, ஒருவர் இன்னொருவர் முதுகில் குத்தப் போவதுபோல ஆகிவிடும். சில குடும்பங்களுக்கு அதுவும் பொருத்தம்தான். ஜல்லிக்கட்டுக் காலத்தில் மட்டும் கவனம் வேண்டும். தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுப் படத்துக்குக் கீழே காளையையும் இவரையும் சேர்த்துப் போட்டால் அது ஸ்பெயின். வெறுங்கையோடு திமில் பிடிப்பவனுக்கு வாள் கொடுப்பது அவனுக்கு அவமானம்.

சொந்த வேலைக்கு இவர் திரும்பிய நாளும் உண்டு. 2021 ஜூலை 26, டோக்கியோ. ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர், சென்னையின் பவானி தேவி, துனீசியாவின் நாடியா பென் அஸீஸியை 15-3 என்று சாய்த்தார். அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புருனேயிடம் 7-15. முகமூடிக்குள் ஒரு தமிழ் முகம் இருக்கிறது என்று அன்றுதான் பலருக்கு உறைத்தது. 2004இல் பள்ளியில் அவர் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தது மூங்கில் கம்பு. அவருடைய பிரிவான பெண்களுக்கான சேபர் வாள் ஒலிம்பிக்கில் நுழைந்ததும் அதே ஆண்டுதான். 2023இல் வூஷி நகரில் உலக சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என்று வென்று, ஆசிய சாம்பியன்ஷிப் வெண்கலத்தையும் கொண்டுவந்தார். எமோஜிக்காரர் குத்துகிற தோரணையில் நிற்கிறார். பவானியின் சேபரோ குத்தும், வெட்டவும் வெட்டும்.

வாள் இருக்கட்டும், புதுக்கோட்டைக்குச் சொந்தமான ஆயுதம் ஒன்று உண்டு: வளரி. பிறைபோல் வளைந்தது, ஒரு முனை கனமாக இருக்கும், லேசான முனையைப் பிடித்துத் தோளுக்குமேல் சுழற்றி வீசுவார்கள். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் நூலில் புதுக்கோட்டை திவான் தந்த குறிப்பு ஒன்று இருக்கிறது. வளரி வீசுவதில் தேர்ந்தவர்கள் அப்போதே சமஸ்தானத்தில் இல்லை. பூஜையறையில் கிடக்கும் வளரியை ஆயுதபூஜைக்கு எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடி அங்கேயே வைத்துவிடுவார்கள் என்கிறது அது.

2020இல் யூனிகோட் 13.0 பூமராங்கைச் சேர்த்தது. ஆஸ்திரேலியச் சரக்குதான், ஆனாலும் வளைவு ஒத்துப்போகிறது. ஆயுதபூஜை வாழ்த்துக்கு வாள்வீரரைவிட அதுவே மேல். வளரிக்கென்று தனி எமோஜி கேட்டு யார் வேண்டுமானாலும் யூனிகோடுக்கு விண்ணப்பம் எழுதலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியுமென்றால் தள்ளிவிடுவார்கள், பூமராங் குறுக்கே நிற்கும். சிலம்பத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பு சுற்றும் ஆள் இன்னும் பட்டியலில் ஏறவில்லை.